நோயாளியை ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியவை

மல்லாவியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ ஒரு நோயாளி காவு வண்டியில் கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படும்போது, பாதையின் ஆபத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், அனுப்புபவரும் பெறுபவரும் பேசிக்கொள்வதில் உள்ள ஆபத்தைப் பெரிதாக எண்ணுவதில்லை. வன்னி வைத்தியசாலை விடுதிகளில் தமிழும் சிங்களமும் பேசப்படுகின்றன; பி.எச்.ரி எனப்படும் நோயாளியின் கட்டில் தலைப்புச் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. எனவே பேச்சுக்கு நிலையான ஓர் ஒழுங்கு வேண்டும்.

முதலில் நோயாளியின் தற்போதைய நிலை, அடுத்து அவரது பின்னணி, பிறகு உங்கள் கணிப்பு, இறுதியில் மற்றவர் செய்ய வேண்டியது என்ற வரிசையில் பேசுங்கள். அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவத்துக்கு வந்த இம்முறையை எஸ்பார் என்பர்.

வயலில் கண்ணாடி விரியன் கடித்தவரை எடுத்துக்கொள்வோம். "பாம்பு கடிச்ச ஆள் ஒருவர் வாறார்" என்ற செய்தி எதற்கும் உதவாது. கடித்த நேரம், 20 நிமிடக் குருதி உறைதல் சோதனை செய்யப்பட்ட நேரம், குருதி உறைந்ததா இல்லையா, விஷமுறிவு மருந்து தொடங்கிய நேரம், கொடுத்த குப்பிகளின் எண்ணிக்கை, ஒவ்வாமை ஏற்பட்டு அட்ரினலின் கொடுக்கப்பட்டதா என்பன அனைத்தும் சொல்லப்பட வேண்டும். மருந்து கொடுத்து 6 மணித்தியாலங்களின் பின் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதால், தொடங்கிய நேரம் தெரியாத விடுதி எப்போது சோதிப்பதென்று அறியாமல் நிற்கும்.

"விளங்கிச்சோ?" என்று கேட்காதீர்கள், விளங்காதவரும் "ஓம்" என்றே சொல்வார். கேட்டவர் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப வாசிக்கட்டும். மருந்தின் பெயரும் அளவும் தொலைபேசியில் வரும்போது இதில் விதிவிலக்கே கூடாது.

மருந்தை எழுதும்போது 1.0 என்பது 10 ஆகவும், .5 என்பது 5 ஆகவும் வாசிக்கப்படக்கூடும் என்பதால் 1 என்றும் 0.5 என்றும் எழுதுங்கள். இன்சுலின் அளவின் பின்னால் ஒற்றை ஆங்கில எழுத்தாக இடும் "யூ" (U) பூச்சியம் போலத் தெரிந்து 4 அலகு 40 ஆகலாம். "யூனிட்" என்ற சொல்லை முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது.

மொழியைவிடக் கடினமான தடை பதவிப் படிநிலை என்பது என் எண்ணம். தவறு ஒன்றைக் கண்ட இளம் தாதியோ சிற்றூழியரோ, "சேர், இந்த அளவு எனக்குக் கூடவாத் தெரியுது, ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்ல வேண்டும். பதில் இல்லாவிட்டால் இரண்டாம் முறை சொல்லுங்கள். அதன் பிறகும் அசைவில்லையென்றால், மருந்தை ஏற்றாமல் விடுதிப் பொறுப்புத் தாதியையும் மூத்த வைத்தியரையும் அழைத்து, அழைத்த நேரத்தை பி.எச்.ரியில் குறித்து வையுங்கள்.