நியூசிலாந்தில் முதல் ரைஃபிள்: எந்தத் தோட்டாவை எடுப்பது?

தெற்குத் தீவில் பால் பண்ணை வேலைக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே இந்த அழைப்பு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறவை முடிந்து கொட்டகையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பண்ணைக்காரர் வந்து, "நாளைக்கு வாலபி சுட மலைக்குப் போகிறோம், வருகிறாயா?" என்பார். வாலபி என்பது கங்காருவின் சின்ன உறவு. ஒருவர் அப்படிக் கூப்பிட்டால் உங்களை நம்புகிறார் என்று அர்த்தம்.

நம்மில் பலருக்குத் தயக்கம் வரும். வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நாம் வளர்ந்தோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கோ துப்பாக்கிச் சத்தம் கொண்டுவரும் நினைவுகளே வேறு. மனம் ஒப்பவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நியூசிலாந்தின் தரையில் இயல்பாக வாழ்ந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், ஆடு, முயல், வாலபி, மரமேறும் பாஸம் எல்லாம் மனிதர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. சிவப்பு மான் 1851இல் வந்தது, வைமாட்டே மலைகளின் வாலபி 1874இல். இவற்றை அடித்துத் தின்னும் சிறுத்தையோ செந்நாயோ இங்கே கிடையாது. பெருகிப் பெருகிக் காட்டின் மரக்கன்றுகளையும் மேய்ச்சல் புல்லையும் தின்று தீர்க்கின்றன. நம் ஊரில் வரையாடு மாநில விலங்கு. அதன் உறவான இமய வரையாட்டை 1904இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்று அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அரசே சுடச் சொல்கிறது. எனக்கு முதலில் நெஞ்சை உறுத்திய விஷயம் இது. மேலே போய், செடிகள் மொட்டையாகிக் கிடந்த சரிவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

சரி, உரிமம். அது இல்லாமல் ரைஃபிளும் இல்லை, தோட்டாவும் இல்லை. 16 வயது நிறைந்திருக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, செய்முறைப் பயிற்சி உண்டு. அப்புறம் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து பேசுவார்கள்; உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ தனியாகவும் பேசுவார்கள். மறைக்க எதுவும் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி உரிமம் உள்ளவர் கையில்தான் இருக்க வேண்டும். "வீட்டில்தானே, அவளுக்கும் இடம் தெரியட்டும்" என்று நம் பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். தோட்டாக்களைத் தனியாகப் பூட்ட வேண்டும். 2019க்குப் பிறகு பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் ரகங்களுக்குத் தடை என்பதால் நீங்கள் வாங்கப்போவது அநேகமாக, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளாகத்தான் இருக்கும். விதிகள் மாறிக்கொண்டே வருகின்றன, விண்ணப்பிக்கும் நாளில் துப்பாக்கிப் பாதுகாப்பு ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தோட்டாவுக்கு வருவோம். வெடிமருந்தும் குண்டும் சேர்ந்த முழுசும் தோட்டா; குழலை விட்டுப் பறப்பது குண்டு மட்டும். கடையில் நுழைந்ததும் காதில் விழும் முதல் வார்த்தை "ஃப்ளாட்". இந்தத் தோட்டா ஃப்ளாட்டாகப் போகும், குண்டு விழவே விழாது என்பார்கள். விழாத குண்டு என்று ஒன்று கிடையாது. குழலை விட்ட நொடியிலிருந்து கையிலிருந்து நழுவிய கல்லைப் போல அதுவும் விழுகிறது. வேகமாகப் போனால் இலக்கை அடைவதற்குள் விழ நேரம் குறைவு, அவ்வளவுதான். வேகத்துக்கு இரண்டு வழி: மருந்தைக் கூட்டு, அல்லது குண்டின் எடையைக் குறை. எடை குறைந்த குண்டு முயலுக்குச் சரி. மானுக்கு?

இதற்கு 1955ஆம் ஆண்டே பதில் கிடைத்துவிட்டது. அந்த வருஷம் அமெரிக்காவில் ஒரே தடிமன் குண்டோடு இரண்டு தோட்டாக்கள் வந்தன: வின்செஸ்டர் நிறுவனத்தின் .243, ரெமிங்டன் நிறுவனத்தின் .244. பெயரில் இருக்கும் எண் ஏறக்குறைய குண்டின் தடிமன், அங்குலக் கணக்கில். ரெமிங்டன், இதை வாங்குகிறவர்கள் வளைகளில் வாழும் சிறு பிராணிகளைத்தான் சுடுவார்கள் என்று நினைத்து, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரியை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தது. நீளமான, கனமான குண்டை அந்த மெதுவான சுழற்சி நிலையாகப் பிடித்து வைக்காது. வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தது. அதில் 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் குண்டும் நேராகப் போனது. ஒரே ரைஃபிளில் முயலும் மானும் வேண்டும் என்று கேட்ட ஜனங்கள் .243ஐ எடுத்துக்கொண்டார்கள். ரெமிங்டன் பிற்பாடு சுழற்சியைக் கூட்டி, 6 எம்எம் என்று பெயரையே மாற்றிப் பார்த்தும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. தோட்டாவின் பெயரைப் போலவே குழலின் சுழற்சியையும் கேட்டு வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. முதல் ரைஃபிள் வாங்கிய கடையில் .22-250ஐ எடுத்துக் கையில் கொடுத்தார்கள். 55 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,100 மீட்டருக்கும் மேலே போகும். வாலபிக்கு அருமையான தோட்டா, இன்றும் சொல்வேன். அதை எடுத்துக்கொண்டு ஒட்டாகோவின் ப்ளூ மவுண்டன்ஸில் ஃபாலோ மான் தேடிப் போனேன். பெட்டியில் இருந்தது முயலுக்கான மெல்லிய உறைக் குண்டு. பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறுவதற்கென்றே செய்தது. மானின் தோள்பட்டை எலும்பில் பட்டு மேலேயே வெடித்தது. பெட்டை மான், மூன்று காலில் புதருக்குள் ஓடியது. ஒரு இலையில் ஒரு சொட்டு, பத்தடி தள்ளி இன்னொரு சொட்டு என்று இரண்டு மணி நேரம் குனிந்தபடி தேடினோம். கண்டுபிடித்தபோது அது உட்கார்ந்திருந்தது, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அந்த இரண்டு மணி நேரம் அதற்கு நான் கொடுத்த வலி. என்னை நம்பி வருகிற யாருக்கும் அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அதனால் முயல், வாலபி, ஆடு, ஃபாலோ மான் என்று கலந்து சுடப்போகிற புதியவருக்கு என் சிபாரிசு .243 வின்செஸ்டர், இரண்டு விதப் பெட்டிகளோடு. பெரிய முயலுக்கும் வாலபிக்கும் 55, 58 கிரெய்ன் மெல்லுறைக் குண்டு. மானுக்கும் ஆட்டுக்கும் 95 அல்லது 100 கிரெய்ன், உறை தடித்த, பட்டதும் விரிந்து ஆழமாக இறங்கும் குண்டு. பெட்டிகளைக் கலக்காதீர்கள். நான் மான் தோட்டாவுக்கு இடது பை, முயல் தோட்டாவுக்கு வீட்டு அலமாரி என்று வைத்திருக்கிறேன். மான் தேடிப் போகிற நாளில் மற்றது வண்டியிலேயே ஏறாது. .243க்கு உதைப்பும் குறைவு. தோள் பயந்தால் விரல் வெடுக்கென்று இழுக்கும், குண்டு எங்கேயோ போகும். மெலிந்த உடம்புக்காரர்களும் பெண்களும் முதல் நாளே கண் சிமிட்டாமல் இதைச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். வளையருகே உட்காரும் சின்ன முயல்களுக்கு மட்டும் இதை வீணாக்க வேண்டாம், அதற்கு .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா போதும். .223 மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஃபாலோவை அதில் சுடும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கைப்பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

சிவப்பு மான் கிடாவும் இமய வரையாடும்தான் உங்கள் எண்ணம் என்றால் கதை வேறு. 6.5 க்ரீட்மோர், 7 எம்எம்-08, .308, .270 இவற்றில் ஒன்றைப் பாருங்கள். க்ரீட்மோர் குழலை விடும்போது .243ஐவிட மெதுவானது, நொடிக்கு 820 மீட்டர் அளவில். கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் காற்று வீசும்போது பாருங்கள். கான்டர்பரியில் வடமேற்குக் காற்று அடிக்கிற நாளில் துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும், கொடியே பிடுங்கிக்கொண்டு போகும். அதில் பாதிகூட வேண்டாம், மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 மீட்டரில் .223இன் 55 கிரெய்ன் குண்டு ஒன்றரைச் சாண் ஒதுங்கிவிடும். .243இன் 100 கிரெய்ன் ஒரு சாண். க்ரீட்மோரின் நீண்ட 143 கிரெய்ன் குண்டு முக்கால் சாணுக்கும் கீழே. விழும் அளவை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம், காற்றை அங்கே நின்றுதான் படிக்க வேண்டும். ஃப்ளாட் என்ற பேச்சில் இந்தக் காற்றைச் சேர்த்துச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் இருக்கிற இரண்டு கடைகளிலும் அலமாரியைப் பாருங்கள். எந்தத் தோட்டா நாலைந்து ரகமாக அடுக்கியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. அபூர்வத் தோட்டா வாங்கிவிட்டு ஏப்ரலில் மான் கத்தும் பருவத்தில் பெட்டிக்காக அலைவது பெரிய தொல்லை.

கறி வீட்டுக்கு வரும். ஆட்டையும் மானையும் நம் மசாலாவில் வைத்தால் பண்ணைக்காரர் குடும்பமே தட்டை நீட்டும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் சதைக்குள் பரவியிருக்கும், குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் செப்புக் குண்டு இன்னும் நல்லது. 1080 விஷம் தூவிய பகுதி என்று பலகை இருந்தால் அங்கே எதையும் சுட்டுக் கறிக்கு எடுக்காதீர்கள். அரசு வனத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். தனியார் நிலம் என்றால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

இங்கே துப்பாக்கி தூக்கும் ஒவ்வொருவரும் ஏழு விதிகளைப் படிக்கிறார்கள். நான்காவது விதி, இலக்கு இன்னதென்று சந்தேகமே இல்லாமல் தெரிந்த பிறகுதான் சுடுவது. தோழரையே மான் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். புதர் அசைந்தது, பழுப்பாக ஏதோ தெரிந்தது என்பதெல்லாம் போதாது. தலை, கழுத்து, உடம்பு மூன்றும் தெரிய வேண்டும்.

ரைஃபிள் கைக்கு வந்ததும் சுடுதளத்துக்குப் போய் மான் தோட்டாவில் 200 மீட்டருக்கு ஸீரோ வையுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த புள்ளியிலேயே குண்டு படும்படி குறிநோக்கியைச் சரிசெய்யுங்கள். அதே புள்ளிக்குக் குறிவைத்து முயல் தோட்டாவையும் சுட்டு, அது எங்கே போய் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும் என்று நம்பக்கூடாது. ஃபாலோ மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பரப்பு ஏறக்குறைய ஒரு சாண். என் .243இன் கட்டையில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன், மழையில் நனையாமல் இருக்க மேலே டேப். 100 மீட்டர், மூன்று விரல் மேலே. 200, சரி. 250, அரைச் சாண் கீழே. 300இல் ஒரு சாண் என்று தெரியும். அந்த வரியை நான் எழுதவில்லை.