பனியுகக் கட்டடமா? வயதைச் சரிபார்க்கும் முறை

ஒரு கட்டடம் பனியுகத்தில் கட்டப்பட்டது என்று யாராவது சொன்னால், முதலில் கேளுங்கள்: எதன் வயதை அளந்தார்கள்? கல்லுக்குக் கார்பன்-14 (கதிரியக்கக் கார்பனை அளந்து வயது சொல்லும் முறை) உதவாது. ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள் வேண்டும். அதுவும் சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான்.

அடுத்து, மாதிரி கிடைத்த இடம். அடுப்புக்கரி, வெட்டுத்தழும்புள்ள எலும்பு என்றால் மேற்கொண்டு பேசலாம். துளையிட்டு எடுத்த வெறும் மண் என்றால் சந்தேகப்படுங்கள். அந்த வயது மண்ணுக்குரியது, கட்டடத்துக்கு அல்ல. இந்தோனேசியாவில் பழங்காலக் கல்மேடைகள் உள்ள குனுங் படாங் என்ற குன்றின் விவகாரத்தில் சறுக்கியது இங்கேதான். அங்குள்ள கட்டுமானத்தின் வயது கி.மு. 25,000 வரை போகிறது என்ற 2023ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆய்விதழே 2024இல் திரும்பப் பெற்றது: தேதியிட்ட மண்ணோடு மனிதக் கைவேலை எதுவும் சேர்ந்திருக்கவில்லை.

பட்டை பட்டையான கல்தூணைப் பார்த்தும் மயங்க வேண்டாம். எரிமலைக் குழம்பு ஆறும்போது ஐந்து, ஆறு பட்டையாகத் தானே பிளக்கும் (அழகாகவே பிளக்கும்!). உளித்தடம், கற்சில்லு, சாம்பல், தின்று போட்ட எலும்பு ஆகியவற்றை அதே அடுக்கில் தேடுங்கள்.