குளிர்கால டிராக் டே: இங்கிலாந்தில் முதல்முறை ஸ்போர்ட்ஸ் காரைச் சர்க்கிட்டில் ஓட்டத் திட்டமிடுவது எப்படி?

டிராக் டே என்பது சர்க்கிட்டில், அதாவது பந்தயத் தடத்தில், போட்டியில்லாமல் காரை ஓட்டிப் பார்க்கும் நாள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கிலாந்துச் சர்க்கிட்டுகளில் அதன் கட்டணம் பொதுவாகக் குறையும், கூட்டமும் குறையும். முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல காலம்தான். ஆனால் கோடைக்காலக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் முதல் அரை மணி நேரத்திலேயே கார் புல்வெளியில் நிற்கும். குளிர்காலத்தில் எஞ்சினின் குதிரைத்திறனைவிட டயரில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதே முக்கியம். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தச் சூட்டைச் சுற்றியவை.

படி 1: சொந்தக் காரா, நடத்துபவர்கள் காரா?

பரிசுக் கூப்பனில் கிடைக்கும் அனுபவ ஓட்டம் என்றால் காரும் காப்பீடும் அவர்களுடையவை, பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார், ஓட்டக் கிடைப்பது சில சுற்றுகள்தான். மழைக்காக இதை ரத்து செய்ய மாட்டார்கள். பனிமூட்டம், உறைபனி என்றால் மட்டுமே தள்ளிவைப்பார்கள். பதிவு செய்யும்போதே தேதி மாற்றும் விதியையும் கூப்பன் காலாவதியாகும் நாளையும் படித்துவிடுங்கள்.

சொந்தக் காரில் போனால் நாள் முழுக்க ஓட்டலாம், ஆனால் பொறுப்பும் உங்களுடையதே. சாதாரணக் கார் காப்பீடு டிராக்கில் பெரும்பாலும் செல்லாது. ஒரு நாள் டிராக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். அதில் முதலில் நம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு, தடுப்புவேலியை இடித்தால் அதற்கான செலவு அடங்குமா என்ற இரண்டையும் கேளுங்கள்.

படி 2: சர்க்கிட்டும் நேரமும்

பழைய விமானத் தளங்களில் அமைந்த சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், பெட்ஃபர்ட் ஆட்டோட்ரோம் ஆகியவை குளிர்காலத்துக்கு ஏற்றவை. சமதளம், மரநிழல் குறைவு, பாதை தவறினாலும் ஓடி நிற்க இடம் உண்டு. காற்று மட்டும் எலும்பைத் துளைக்கும். பெட்ஃபர்டில் சத்தக் கட்டுப்பாடு கடுமை, சைலன்சர் மாற்றிய கார் என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்வெல் பார்க், அவுல்டன் பார்க் இரண்டும் அழகான சர்க்கிட்டுகள்தான், ஆனால் முதல்முறைக்கு, அதுவும் ஜனவரியில், வேண்டாம். மரநிழல் விழும் இடங்களில் மதியம்வரை ஈரமும் உறைபனியும் விலகாது. பாதைக்கும் தடுப்புக்கும் நடுவே இடமும் குறைவு.

டிசம்பர் கடைசியில் லண்டன் பக்கம் காலை 8 மணிக்குச் சூரியன் உதித்து மாலை 4 மணிக்கு முன்பே மறையும். நண்பகலிலும் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், நேராகக் கண்ணில் அடிக்கும். 9 மணிக்குத் தொடங்கும் நாளில் உருப்படியாக ஓட்டக் கிடைப்பது 11 முதல் 2.30 வரை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். காலை நேரம் பாதையைப் படிக்க மட்டும்.

படி 3: டயர்

கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். சர்க்கிட்டுக்கென்றே வரும் பாதி வழவழ டயர்கள் இன்னும் மோசம். குளிரில் சூடாகவே மறுக்கும், ஆழமற்ற பள்ளங்களால் தண்ணீரையும் வெளியேற்றாது. நல்ல சாலை டயர் போதும். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மிமீ இருந்தால் சரிதான், ஆனால் ஈர டிராக்குக்கு 3 மிமீக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கும், ஸ்டியரிங் திருப்பினாலும் கார் திரும்பாது.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 20 டிகிரி இருக்கும் கராஜில் 30 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், 5 டிகிரிக் காலையில் 28க்குக் கீழே காட்டும். கோடையில் டயர் சூடாகி அழுத்தம் ஏறும் என்பதால் முன்கூட்டியே காற்றை இறக்குவார்கள். குளிரிலும் ஈரத்திலும் அந்த ஏற்றம் மிகக் குறைவு. ஆகவே சர்க்கிட்டுக்குப் போய்ச் சேர்ந்து, டயர் ஆறிய பிறகு, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை வையுங்கள், அதற்குக் கீழே இறக்க வேண்டாம். அழுத்தம் குறைந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும்.

படி 4: கார், உடை

- பிரேக் திரவம் ஒரு வருடத்துக்குள் மாற்றியதாக இருக்கட்டும். பந்தய பிரேக் பேட் வேண்டாம், சூடேறும்வரை அது பிடிக்காது.
- கண்ணாடி கழுவும் நீரில் உறையாத வகை, காரின் உள்ளே உலர்ந்த துண்டு. ஈரக் கோட்டைக் காருக்குள் போட்டால் கண்ணாடி மூடுபனியாகும். ஏசியை ஓடவிட்டு, சூடான காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள்.
- கை கால் மூடிய உடை, ஹெல்மெட், மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணி. தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போடுங்கள், இல்லாவிட்டால் பெல்ட் உடம்பில் இறுகாது.
- ஓட்டுநர் உரிமம். மறந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

படி 5: விளக்கக் கூட்டமும் முதல் சுற்றுகளும்

காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிட்டால் பாதைக்குள் விடமாட்டார்கள். எந்தப் பக்கம் முந்தலாம், எங்கே முந்தலாம் என்பது அங்கேதான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருக்கும் கொடி, வழுக்கும் பாதைக்கான எச்சரிக்கை. குளிர்காலத்தில் அதை அடிக்கடி பார்ப்பீர்கள். பிறகு முன்னோடிக் காரின் பின்னால் மெதுவாகச் சில அறிமுகச் சுற்றுகள். அப்போது நீர் தேங்கும் இடங்களையும் நிழல் விழும் வளைவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் காட்டும் முள் சீக்கிரம் நடுவுக்கு வந்துவிடும், எஞ்சின் ஆயில் அப்படியல்ல. ஆயில் சுமார் 80 டிகிரி தொடும்வரை எஞ்சினை முறுக்காதீர்கள். டயருக்கும் பிரேக்குக்கும் ஒவ்வொரு முறை பாதைக்குள் போகும்போதும் முதல் 2, 3 சுற்றுகள் நிதானமாக வேண்டும். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாம் ஆறியிருக்கும், மறுபடி முதலிலிருந்து.

டயர்கள் நான்கும் ஒரே அளவில் சூடாவதும் இல்லை. பிராண்ட்ஸ் ஹேட்ச் சர்க்கிட்டில் முதல் இரண்டு வளைவுகளும் வலப்பக்கம், ஆக இடப்பக்க டயர்கள்தான் உழைக்கும். மூன்றாவதாக வரும் கிரஹாம் ஹில் வளைவு இடப்பக்கம் திரும்பும். அங்கே பாரம் தாங்க வேண்டிய வலப்பக்க டயர்கள் இன்னும் குளிராகவே இருக்கும், பின்பக்கம் நழுவும்.

படி 6: ஈரத்தில் ஓட்டும் முறை

வெயிலில் நல்ல பிடிப்பு தரும் பந்தயக் கோடு, அதாவது வேகமாகப் போக எல்லோரும் ஓட்டும் தடம், மழையில் வழுக்கும். பல வருடமாகப் படிந்த ரப்பரும் தேய்ந்து பளபளக்கும் தாரும்தான் காரணம். வளைவில் அதைவிட்டு ஒரு கார் அகலம் வெளிப்பக்கம் ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பான தார் கிடைக்கும். பெயின்ட் அடித்த ஓரக்கற்களையும் வெள்ளைக் கோடுகளையும் தொடாதீர்கள்.

நேர்ப்பாதையிலேயே பிரேக் போட்டு முடியுங்கள், ஸ்டியரிங் நிமிர்ந்த பிறகே ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். பின்சக்கர இயக்கக் காரில் வளைவு நடுவே பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னுக்கு ஓடும், பின்பக்கம் சுழலும். கார் நழுவாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை நாள் முழுக்க அணைக்காமலேயே வையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

சுழல ஆரம்பித்துவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அழுத்தி, நிற்கும்வரை பிடியுங்கள். இரண்டு சக்கரம் ஈரப் புல்லில் இறங்கினால் வெடுக்கென்று திரும்பப் பாதைக்கு இழுக்கக் கூடாது. தாரில் ஏறிய டயருக்குத் திடீரெனப் பிடிப்புக் கிடைத்து, கார் எதிர்ப்பக்கத் தடுப்பை நோக்கிப் பாயும். நேராகப் புல்லுக்குள்ளேயே போய் வேகத்தைக் குறையுங்கள்.

படி 7: முடிக்கும்போது

15 நிமிடத்துக்கு ஒருமுறை பாதையை விட்டு நிறுத்துமிடத்துக்கு வாருங்கள். குளிரும் கவனமும் சேர்ந்து உடம்பைக் களைப்பாக்கும். கடைசிச் சுற்றில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கிளம்பும் முன் சக்கர நட்டுகளை, சக்கரம் ஆறிய பிறகு, கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்குச் சரிபாருங்கள். முன்பக்க வலையில் அடைத்த புல்லை அகற்றுங்கள். வீட்டுக்குப் போகும் சாலையில் உப்புத் தூவியிருப்பார்கள். மறுநாள் காரின் அடிப்பாகத்தை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, சிறிது தூரம் ஓட்டிப் பிரேக்கை உலர்த்துங்கள்.