வளவு உறுதியை வைத்துப் பணம் எடுக்குமுன்

வயதான காலத்தில் வீடு வளவை வைத்துப் பணம் எடுக்க நினைக்கிறீர்களா? கையெழுத்து வைக்குமுன் நொத்தாரிசை உறுதியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ‘ஈட்டு உறுதி’ என்றால் அது கடன். வளவு உங்கள் பெயரிலேயே இருக்கும். ‘அறுதி உறுதி’ என்றால் விற்றாயிற்று. “காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தாறன்” என்ற வாய்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டு காணியை மீட்பது மிகக் கடினம்; இலங்கையின் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன் எழுத்தில் இருக்கவேண்டும். கல்லடியில் எங்கள் பெரியம்மா இப்படித்தான் கிணறும் ஆறு தென்னையுமாக வளவை இழந்தார். இன்றும் மனம் ஆறவில்லை.

பிள்ளைக்கு எழுதுவதென்றால் சீவிய உரித்தை உங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடைசிவரை அந்த வீட்டில் இருக்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியா? சரி, முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.