பேரிடர்க் காலத் தேர்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 ஏப்ரல் 7. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கொரோனா பரவலுக்கு நடுவே தேர்தல். வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள் இயங்கும் மில்வாக்கி நகரில் அன்று திறந்திருந்தவை ஐந்தே ஐந்து. தொற்றுக்கு அஞ்சி பணியாளர்கள் விலகினார்கள், சாவடிகள் மூடப்பட்டன. முகக்கவசம் அணிந்தவர்களின் வரிசை தெருத்தெருவாக நீண்டது. எந்தக் கூட்டத்துக்குப் பயந்தார்களோ, அந்தக் கூட்டத்தைத் தாங்களே சேர்த்துவிட்டார்கள்.

சாவடிகளைக் குறைப்பதுதான் நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு. ஆபத்துக் காலத்தில் இடமும் நேரமும் அதிகமாக வேண்டும். எட்டு நாள் கழித்துத் தென் கொரியா அதைச் செய்து காட்டியது. வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். 37.5 டிகிரியைத் தாண்டியவரையும் திருப்பி அனுப்பவில்லை. தனிச் சாவடிக்கு அழைத்துப் போனார்கள். ஒவ்வொருவர் கைக்கும் பிளாஸ்டிக் கையுறை. தேர்தலுக்கு முன்பே இரண்டு நாள் வாக்களிக்கும் வசதியும் இருந்தது. வாக்குப்பதிவு 66 சதவீதம்! அந்த இரண்டு நாள் வசதி கொரோனாவுக்காக அவசரத்தில் உருவானதல்ல, பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது.

அடுத்த தவறு, கடைசி நேரக் குழப்பம். விஸ்கான்சினில் தேர்தலுக்கு முந்தைய நாள்தான் ஆளுநர் அதைத் தள்ளிவைத்தார். அன்றே நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விடிந்தால் தேர்தல் உண்டா இல்லையா என்றே மக்களுக்குத் தெரியவில்லை. தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாளுக்கு என்பது அமைதிக் காலத்திலேயே சட்டத்தில் இருக்க வேண்டும். தள்ளிவைப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். 2001 செப்டம்பர் 11 காலையில் நியூயார்க்கில் கட்சி வேட்பாளர்களுக்கான முதனிலைத் தேர்தல் தொடங்கியிருந்தது. தாக்குதல் நடந்ததும் நிறுத்தினார்கள். செப்டம்பர் 25 அன்று நடத்தி முடித்தார்கள். தேதி சொல்லாமல் தள்ளிவைப்பதுதான் ஆபத்து.

பழகாத தொழில்நுட்பத்தை நெருக்கடியில் புகுத்துவதும் வேண்டாம். 2012-இல் சாண்டி புயலுக்குப் பின் நியூஜெர்சி மின்னஞ்சல் வழி வாக்களிக்க அனுமதித்தது. குவிந்த விண்ணப்பங்களைச் சமாளிக்க முடியாமல் அலுவலகங்கள் திணறின.

வீட்டை இழந்தவரை மறப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நிவாரண முகாமில் பாயில் படுத்திருப்பவரின் அடையாள அட்டை வெள்ளத்தோடு போயிருக்கும். அவருடைய சாவடியும் நீரில் கிடக்கும். சாண்டியின்போது நியூயார்க், இடம்பெயர்ந்தவர்கள் மாநிலத்தின் எந்தச் சாவடியிலும் உறுதிமொழி எழுதிக் கொடுத்து வாக்களிக்கலாம் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் அது வந்தது தேர்தலுக்கு முந்தைய நாள். மின்சாரமில்லாத வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?