ட்ரெய்லர் ஹிட்ச் வாங்கும்போது இழுவைத் திறனை மட்டும் பார்க்காதீர்கள்

வண்டியின் பின்னால் ட்ரெய்லரைக் கோக்கும் இணைப்பான ஹிட்ச்சை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ இழுக்கும்?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை. அதோடு நின்றுவிடுவதில்தான் சிக்கல். ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச்சின் மேல் கீழ்நோக்கியும் அழுத்துகிறது. அந்த அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுவை எடை. டங் வெயிட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்காருவது, ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிவது, ரிசீவர் (வண்டியின் பின்னடியில் இருக்கும் சதுர வாய்க் குழாய்) கீழே வளைவது எல்லாவற்றிலும் பெரும்பாலும் சம்பந்தப்பட்டிருப்பது இந்த இரண்டாவது எண்தான்.

வட அமெரிக்க வழக்கப்படி, சாதாரண ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டங் வெயிட்டாக இருக்க வேண்டும். சரக்கோடு 1,500 கிலோ என்றால் 150 முதல் 225 கிலோ. மிகவும் குறைந்தால், வேகம் எடுக்கும்போது ட்ரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். மிகவும் கூடினால் வண்டியின் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். ஐரோப்பியச் சந்தைக்கான கார்களில் கணக்கே வேறு. பல கார்களில் 75 முதல் 100 கிலோதான் உச்ச வரம்பு. அதனால் எங்கோ படித்த சதவீதத்தைவிட உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முக்கியம்.

இதில் பலரும் மறப்பது, டங் வெயிட்டும் வண்டி சுமக்கும் எடைதான் என்பதை. உங்கள் வண்டியின் பேலோட், அதாவது அது சுமக்கக்கூடிய மொத்த எடை, 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 70 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 280 கிலோ. ட்ரெய்லர் 180 கிலோ அழுத்தினால் 460. டிக்கியில் ஒரு பை வைப்பதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது. "வண்டி 2,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறதே" என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இத்தனை பேரோடு அல்ல. ஹிட்ச்சின் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

டங் வெயிட்டை வீட்டிலேயே அளக்கலாம். சிறிய ட்ரெய்லர் என்றால், அதன் முன்முனையில் உள்ள பூட்டும் பகுதியான கப்ளரை அது வழக்கமாக நிற்கும் உயரத்தில் ஒரு கட்டையின் மேல் நிறுத்தி, கட்டைக்கு அடியில் எடைக்கருவியை வைத்தால் போதும். எடைக்கருவி தாங்காது என்றால் ஒரு வலுவான பலகை வேண்டும். பலகையின் ஒரு முனையை ஒரு செங்கல் மேலும், மறுமுனையை எடைக்கருவி மேலும் வையுங்கள். செங்கலிலிருந்து 1 அடியிலும், எடைக்கருவியிலிருந்து 2 அடியிலும் ட்ரெய்லரின் முன்முனை பலகையில் அழுத்த வேண்டும். எடைக்கருவி காட்டுவதை 3ஆல் பெருக்கினால் டங் வெயிட் வந்துவிடும். பலகையின் சொந்த எடை காட்டும் அளவை முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள். எண் குறைவாக வந்தால், புது ஹிட்ச் தேடுவதற்கு முன் சரக்கில் பாதிக்குமேல், சுமார் 60 சதவீதம், ஆக்ஸிலுக்கு முன்னால் வரும்படி மாற்றி ஏற்றிப் பாருங்கள்.

பெரிய ஹிட்ச் போட்டால் வண்டியின் திறன் கூடாது

ஹிட்ச்சுகளை வகுப்பு 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். வகுப்பு 1 என்றால் 2,000 பவுண்டு, சுமார் 900 கிலோ வரை. வகுப்பு 2 என்றால் 3,500 பவுண்டு, சுமார் 1,590 கிலோ. இந்த இரண்டிலும் ரிசீவரின் வாய் பெரும்பாலும் 1¼ அங்குலம். வகுப்பு 3இல் 2 அங்குலம் வந்துவிடும். 1,000 கிலோ மட்டுமே இழுக்கக்கூடிய காரில் வகுப்பு 3 ஹிட்ச்சை மாட்டினாலும் கார் 1,000 கிலோதான் இழுக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சேஸிஸ் எதுவும் மாறவில்லையே. வண்டி, ரிசீவர், அதில் செருகும் பால் மவுண்ட், அதன் மேல் நிற்கும் பால் என்ற இரும்புக் குண்டு, கப்ளர் ஆகிய ஐந்திலும் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. நான்கைச் சரியாக வாங்கிவிட்டு, பழைய பாலை அப்படியே மாட்டுகிறவர்கள் நிறைய. பாலின் மேலேயோ கழுத்திலேயோ அதன் வரம்பு பொறிக்கப்பட்டிருக்கும், ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சில ரிசீவர்களின் ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும். சாதாரணமாக இழுக்க ஒன்று, எடையைப் பகிரும் ஹிட்ச்சோடு இழுக்க இன்னொன்று. பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுச் சாதாரண பால் மவுண்ட்டை மாட்டக்கூடாது. எடையைப் பகிரும் ஹிட்ச் என்பது ஸ்பிரிங் கம்பிகளால் எடையில் ஒரு பகுதியை முன் ஆக்ஸிலுக்கும் ட்ரெய்லரின் ஆக்ஸிலுக்கும் தள்ளுவது. நல்ல சாதனம். ஆனால் சில வண்டிகளில் இதைப் பயன்படுத்தவே கூடாது என்று கையேடு சொல்லும்.

அடாப்டர், நீட்டிப்பு, சைக்கிள் ரேக்

எனக்கு மிகவும் சந்தேகம் தருபவை இந்த இணைப்புத் துண்டுகள்தான். 1¼ அங்குல ரிசீவரை 2 அங்குலமாக்கும் அடாப்டர் உண்டு. அது வாயின் அளவை மாற்றுகிறதே தவிர, பின்னால் இருக்கும் இரும்பு அதே வகுப்பு 1 அல்லது 2தான். நீட்டிப்புத் துண்டு இன்னும் மோசம். நீளக் கைப்பிடி உள்ள ஸ்பேனர் எப்படிச் சின்ன அழுத்தத்தையும் பெரிதாக்குகிறதோ, அதே நெம்புகோல் விளைவு இங்கே ரிசீவரின் மேல் விழுகிறது. அதனால்தான் நீட்டிப்பு போட்டால் ஹிட்ச்சின் திறனைப் பாதியாகக் கணக்கிடச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள்.

சைக்கிள் ரேக்கிலும் இதே கதை. ரேக் இழுப்பதில்லை, எடை முழுவதையும் ரிசீவருக்கு வெளியே தொங்கவிடுகிறது. மின்சைக்கிள் ஒன்றே 25 கிலோவுக்கு வரும். இரண்டு சைக்கிள், ரேக்கின் சொந்த எடை 20 கிலோ என்றால் 70 கிலோ ஆகிவிடும். குண்டும் குழியுமான சாலையில் அது மேலும் கீழும் குதிக்கும்போது விழும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. சில கார்களுக்கு ட்ரெய்லர் இழுக்க அனுமதி இல்லை, ரேக்குக்கு மட்டும் உண்டு. வாங்குமுன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரெய்லரின் பின்னால் ரேக் மாட்டுவது வேண்டவே வேண்டாம். ஆக்ஸிலுக்குப் பின்னால் எடை சேர்ந்தால் முன்னால் டங் வெயிட் குறையும், ஆட்டம் வரும். ரேக் தயாரிப்பாளர்கள் பலர் இதை நேரடியாகவே தடை செய்திருக்கிறார்கள்.

பால், உயரம்

பால் 1⅞, 2, 2⁵⁄₁₆ அங்குலம் என்று மூன்று அளவுகளில் அதிகம் கிடைக்கும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 50 மில்லிமீட்டர். ஆபத்தானது எதுவென்றால், 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குல பாலின் மேலும் பூட்டிக்கொள்ளும். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் கழன்றுவிடும். அதனால் பூட்டிய பிறகு ட்ரெய்லரின் ஜாக்கியைச் சுற்றி முன்முனையைத் தூக்கிப் பாருங்கள். கூடவே வண்டியின் பின்பக்கமும் மேலே வந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர், ஆகவே 50 மில்லிமீட்டர் பாலும் 2 அங்குலக் கப்ளரும் ஜோடி இல்லை.

பாலின் தண்டு பால் மவுண்ட்டின் துளையைக் கிட்டத்தட்ட முழுவதும் நிரப்ப வேண்டும். பெரிய துளையில் சின்னத் தண்டை வாஷர் வைத்து இறுக்குவது தவறு.

உயரத்தைச் சமதளத்தில் அளக்க வேண்டும். தரையிலிருந்து ரிசீவர் வாயின் உள்மேற்புறம் வரை ஒரு அளவு. ட்ரெய்லரை மட்டமாக நிறுத்திக் கப்ளரின் அடிவிளிம்பு வரை இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பால் மவுண்ட்டுக்கு வேண்டிய இறக்கம் அல்லது ஏற்றம். ட்ரெய்லர் மட்டமாகவோ, முன்பக்கம் மயிரிழை தாழ்ந்தோ நிற்கலாம். முன்பக்கம் தூக்கி நின்றால் நெளிய ஆரம்பிக்கும்.

வயரிங்

நான்கு முனை பிளக் விளக்குகளுக்கு மட்டும். மின் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஏழு முனை பிளக்கும், வண்டிக்குள் பிரேக் கண்ட்ரோலரும் தேவை. வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறதோ அதற்கு ஏற்ப அழுத்தும் கண்ட்ரோலரே என் தேர்வு; நேரக்கணக்கில் அழுத்தும் மலிவு வகை, மெதுவாக நிறுத்தினாலும் திடீரென்று நிறுத்தினாலும் ஒரே மாதிரிதான் இயங்கும். புதிய கார்களில் பின்விளக்கின் வயரை வெட்டி நேரடியாக இணைத்தால் கணினி அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும். பேட்டரியிலிருந்து தனி மின்சாரம் எடுக்கும் மாட்யூல் போடுவது நல்லது. விளக்குகள் மினுக்கினால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள், அதுதான் வழக்கமான குற்றவாளி.

சேஃப்டி செயின்களைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். ட்ரெய்லர் கழன்றால் முன்முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும். ட்ரெய்லர் பிரிந்தால் அதன் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கேபிளைச் செயினிலோ பால் மவுண்ட்டிலோ மாட்டக்கூடாது. அவை கழன்றால் கேபிளும் சேர்ந்து போய்விடும். அதை வண்டியின் நிலையான பகுதியில் தனியாக மாட்டுங்கள்.

அப்புறம், பால் மவுண்ட்டை ரிசீவருக்குள் நிறுத்திப் பிடிக்கும் ஹிட்ச் பின். 2 அங்குல ரிசீவருக்கு ⅝ அங்குல பின், 1¼ அங்குலத்துக்கு ½ அங்குல பின். கையில் கிடைத்த போல்ட்டை அதில் செருகாதீர்கள். பூட்டுள்ள பின் வாங்கினால் பால் மவுண்ட் திருடு போகாது. ட்ரெய்லர் இல்லாத நாட்களில் பால் மவுண்ட்டைக் கழற்றி வைத்தால் ரிவர்ஸ் சென்சார் தேவையில்லாமல் கத்தாது, நடந்து போகிறவர்களின் முழங்காலும் தப்பிக்கும்.