தேன் குப்பி லேபிளும் பத்தடி ஃப்ளெக்ஸும்: படக் கோப்புகள், தொடக்கத்திலிருந்து

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிற ஒருவருக்குக் குப்பியில் ஒட்ட ஒரு லேபிள் வேண்டும். அதே டிசைன் கடை முகப்பில் பத்தடி ஃப்ளெக்ஸாகவும் தொங்க வேண்டும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போக வேண்டும். மூன்றுக்கும் ஒரே ஜேபெக் படத்தை அனுப்பினால் ஏதாவது ஒன்று கட்டாயம் கெடும். "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்று கேட்கும் முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படம் கடைசியில் எதில் வரப்போகிறது, அதன் உண்மையான அளவு என்ன, பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்பார். மென்பொருள், பிக்சல் கணக்கு, கோப்பு வகை மூன்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதை எதில் செய்வது

போனில் எடுத்த படத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறு சிறு சதுரங்கள் தெரியும், அவைதான் பிக்சல். எண்ணிக்கை எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு இழுத்துப் பெரிதாக்கினால் சதுரம்தான் பெரிதாகும். வெக்டர் படத்தில் சதுரமே கிடையாது. எந்த இடத்தில் தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்ற கணக்கு மட்டும் சேமிக்கப்படுவதால், நகத்தளவிலும் பனையளவிலும் விளிம்பு ஒரே கூர்மையோடு இருக்கும்.

தேன்கூட்டின் புகைப்படம் பிக்சல்தான், வேறு வழியில்லை. கடைப் பெயர், லோகோ, ஓரக்கோடு இவற்றை வெக்டரில் செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் போட்டோஷாப்பிலேயே செய்யப் பார்க்கிறார்கள். அந்த லோகோவை ஃப்ளெக்ஸுக்குப் பெரிதாக்கும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

காசு செலவில்லாமல் தொடங்க இரண்டு போதும்: புகைப்படத்துக்கு கிம்ப், வெக்டருக்கு இங்க்ஸ்கேப். அச்சகங்களில் கோரல்ட்ரா அதிகம் ஓடுகிறது; அவர்களுக்கு நீங்கள் பிடிஎஃப் கொடுத்தால் போதும், கோரல் வாங்க வேண்டியதில்லை. யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு அனுப்பித் திறக்க முடியாமல் திண்டாடினால், பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியாவில் திறக்கலாம். கேன்வா வேகமானதுதான். ஆனால் பின்னணி இல்லாத பிஎன்ஜியும் அச்சுக்கான சிஎம்ஒய்கே (நான்கு மை நிறக் கணக்கு) பிடிஎஃப்பும் இலவசக் கணக்கில் கிடைக்காது. போனில் பிக்சல்லேப் வைத்துச் செய்வது ஸ்டேட்டஸுக்குச் சரி, பிரஸ்ஸுக்கு வேண்டாம்.

பிக்சல் கணக்கு

கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். ஏ4 தாளுக்கு 2480 × 3508, மூன்றரைக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டுக்கு 1050 × 600. ஃப்ளெக்ஸை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள் என்பதால் அங்குலத்துக்கு 72 தாராளம். பத்துக்கு ஆறடி ஃப்ளெக்ஸ் என்றால் 120 × 72 அங்குலம். அதை 72ஆல் பெருக்கினால் 8640 × 5184 பிக்சல். இதையே 300இல் செய்யப் போனால் 36000 × 21600 ஆகி, 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இனி உங்கள் கையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் 4000 × 3000. பத்தடி அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல் வரும். தூரத்தில் பார்க்கும் பின்னணிப் படத்துக்கு இது ஓடிவிடும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்திருந்தால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். அங்குலத்துக்கு வெறும் 13. அதில் முகம் இருந்தால் ஆளை அடையாளம் தெரியும், மூக்கு தெரியாது. படம் எடுத்தவரிடம் "டாக்குமெண்டாக அனுப்புங்க" என்று சொல்லி மூலத்தையே வாங்குங்கள்.

இமேஜ் சைஸ் பெட்டியில் 72 என்று இருப்பதை 300 என்று மாற்றிவிட்டால் படம் தெளிவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பிக்சல் எண்ணிக்கை மாறாமல் அந்த எண் மட்டும் மாறினால், அச்சில் படம் சிறிதாக வரும், அவ்வளவுதான். பிக்சலையும் சேர்த்துக் கூட்டினால் மென்பொருள் இல்லாததை ஊகித்து நிரப்பும், மங்கல்தான் மிஞ்சும்.

ஜேபெக்கும் மற்றவையும்

ஜேபெக் 1992இல் வந்த முறை. படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் கவனிக்காத நுணுக்கங்களைத் தூக்கி எறிகிறது. புகைப்படத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் கன்னியாகுமரி சூரிய உதயப் படத்தை, சேமிக்கும்போது கேட்கும் தர எண்ணை 100க்கு 40 என்று வைத்துச் சேமித்துப் பாருங்கள். ஆரஞ்சு மெல்ல நீலமாக மாறும் வானம் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் உடைந்து நிற்கும். 90க்குக் கீழே அச்சுக்குப் போகவே வேண்டாம். 100 வைப்பதும் வீண். கோப்பு ஊதும், கண்ணுக்கு லாபமில்லை.

எழுத்துக்கு ஜேபெக் ஆகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான ஜேபெக்குகளில் வெளிச்சத் தகவல் முழுதாக இருக்கும். நிறத் தகவல் மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று பாதி அகலம், பாதி உயரத்தில் சேமிக்கப்படும். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, அதாவது நம்மூர்த் திருவிழா நோட்டீஸின் நிரந்தர நிறங்கள், இதில்தான் முதலில் அடிபடும். எழுத்தோரம் அழுக்கு ஒட்டியது போல் கலங்கும். ஜேபெக்காகவே கொடுக்க வேண்டிய கட்டாயம் என்றால், கிம்ப்பின் எக்ஸ்போர்ட் பெட்டியில் சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 தேர்ந்தெடுங்கள், நிறத் தகவலும் முழுதாகச் சேமிக்கப்படும்.

திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் இன்னொரு படி இறங்கும். வேலை நடக்கும் கோப்பு எப்போதும் மென்பொருளின் சொந்த வகையில் இருக்கட்டும். கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், போட்டோஷாப் என்றால் பிஎஸ்டி, இங்க்ஸ்கேப் என்றால் எஸ்விஜி. லேயர்கள், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனிப் பகுதிகள், அதில்தான் உயிரோடு இருக்கும். வெளியே கொடுப்பதெல்லாம் நகல்.

பிஎன்ஜி எதையும் எறியாது, பின்னணி இல்லாமலும் சேமிக்கும். லோகோ, ஸ்கிரீன்ஷாட், க்யூஆர் கோடு எல்லாம் இதில் வைக்கலாம். பின்னணி இல்லாத லோகோவை ஜேபெக்காக மாற்றினால் சுற்றிலும் வெள்ளைக் கட்டம் வந்து உட்காரும். ஜேபெக்கில் ஒளிபுகும் பிக்சலுக்கு இடமே இல்லை. ஜிஃப்பில் 256 நிறம்தான், அசையும் படத்தோடு அதை விட்டுவிடலாம். டிஃப் என்ற கோப்பு வகையை அச்சகத்தார் கேட்டால் கொடுங்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய படம் வெப்பி வகையில் வரும், ஐபோன் படம் எச்இஐசி வகையில் வரும். பழைய மென்பொருள் இரண்டையும் திறக்காது. பெயரின் கடைசி எழுத்துகளை மட்டும் ஜேபிஜி என்று மாற்றுவதால் உள்ளே எதுவும் மாறாது. கிம்ப்பில் திறந்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் தேர்ந்தெடுத்தால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காகவே விழும்.

தமிழ் எழுத்து எங்கே உடைகிறது

பிரஸ்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். நீங்கள் போனில் தட்டுவது யூனிகோட், ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உள்ள பொது முறை. அதைப் பழைய எழுத்துருவில் ஒட்டினால் கட்டங்கள்தான் வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் மாற்றி ஒட்ட வேண்டும்.

யூனிகோடுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேடமரன், மீரா இனிமை எல்லாம் இலவசம். கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் சரியாகவே வரும். போட்டோஷாப்பின் சற்றுப் பழைய பதிப்புகளில் "கொ" என்பதன் கொம்பு இடம் மாறி நின்றால், ப்ரெஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டை இயக்குங்கள் (இன்னும் பழையவற்றில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்றிருக்கும்). பிறகு புதுக் கோப்பில் தட்டுங்கள்.

லேபிளில் தமிழை 7 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். முதலில் சாகிறது புள்ளி. கருநிறத்தில் வெள்ளை எழுத்தாக வைத்தால் மை பரவிப் புள்ளியை அடைத்துவிடும், "தேன்" "தேன" ஆகும். அங்கே கொஞ்சம் தடித்த எழுத்துருவும் கூடுதலாக ஒரு பாயிண்டும் வேண்டும்.

லேபிளைச் செய்து முடிப்பது

1. குப்பியைச் சுற்றி ஒரு தாள் துண்டைச் சுற்றி அளவெடுங்கள். கழுத்துப் பக்கம் வளையத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே லேபிள் முடிய வேண்டும், இல்லையென்றால் மேல் ஓரம் சுருங்கி எழும்பும். அளவு 140 × 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

2. வெட்டும்போது கத்தி அரை மில்லி நகரும். அதற்காக நான்கு பக்கமும் 3 மில்லி கூட்டி, இங்க்ஸ்கேப்பில் 146 × 76 அளவில் பக்கம் திறங்கள். ஓரத்திலிருந்து 3 மில்லியில் வெட்டுக்கோட்டுக்கும், அதற்கு உள்ளே இன்னொரு 3 மில்லியில் எழுத்து எல்லைக்கும் வழிகாட்டிக் கோடு போடுங்கள். பின்னணி நிறம் பக்கத்தின் விளிம்பு வரை ஓட வேண்டும். எழுத்து உள்கோட்டைத் தாண்டக் கூடாது.

3. தேன்கூட்டுப் படத்தை கிம்ப்பில் திறந்து, லேயர் மெனுவில் ஆல்ஃபா சேனல் (ஒளிபுகும் இடத்தைக் குறிக்கும் தகவல்) சேருங்கள். இதை மறந்து அழித்தால் ஒளிபுகாமல் பின்னணி நிறம் நிரம்பும். பாத்ஸ் கருவியால் விளிம்பைச் சுற்றி வரைந்து, அதைத் தேர்வாக மாற்றி, தேர்வைத் தலைகீழாக்கி, 1 பிக்சல் ஃபெதர் (விளிம்பை மென்மையாக்குவது) கொடுத்து அழியுங்கள். பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட். ஒரே மாதிரி நிறத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் மேஜிக் வாண்ட் மாதிரியான கருவி கண்ணாடிக் குப்பியின் ஓரத்தில் பல்பல்லாகக் கடித்துவைக்கும்.

4. இங்க்ஸ்கேப்பில் இம்போர்ட் செய்யும்போது எம்பெட் தேர்ந்தெடுங்கள். லிங்க் என்று விட்டால் கோப்பை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனதும் படம் காணாமல் போகும்.

5. கடைப் பெயர், எடை, விலை, தயாரித்த தேதிக்கான இடம், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் எல்லாம் தட்டுங்கள். வேறொருவர் ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும். தட்டியவரின் கண்ணுக்குப் பிழை தெரியாது.

6. எழுத்தோடு இருக்கும் எஸ்விஜியைத் தனியாகச் சேமியுங்கள். பிறகு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து, எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்துங்கள். எழுத்து வெறும் வளைகோடாகிவிடும். பிரஸ்காரர் "கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க" என்று சொல்வது இதைத்தான். கோரலில் கண்ட்ரோல், க்யூ. இதற்குப் பிறகு எழுத்துரு அங்கே இல்லாவிட்டாலும் எதுவும் உடையாது, ஆனால் விலையை மாற்றித் தட்டவும் முடியாது. அதனால்தான் முதலில் தனியாகச் சேமித்தது.

7. பிடிஎஃப்பாகச் சேமிக்கும்போது ராஸ்டரைசேஷன் எண் 300 இருக்கிறதா பாருங்கள். நிழல், மங்கல் போன்ற எஃபெக்ட்கள் அந்த எண்ணில்தான் பிக்சலாக மாறும்.

ஸ்டேட்டஸுக்கு இதே கோப்பை 1080 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜியாக எடுக்கலாம். ஃப்ளெக்ஸுக்கு வெக்டர் பகுதி அப்படியே பெரிதாகும். தேன்கூட்டுப் படத்தை மட்டும் போன் மூலத்திலிருந்து பெரிய அளவில் மறுபடி எடுத்து வையுங்கள். ஓரத்தில் மூன்று அங்குலத்துக்கு எழுத்து வேண்டாம். கயிறு கட்டும் ஐலெட் வளையம் அடிப்பதும் மடித்து ஒட்டுவதும் அங்கேதான்.

நிறம் ஏன் மாறுகிறது

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையைக் கலக்கிறது. திரையில் மின்னும் கடல் நீலத்துக்கு ஈடான மை கிடையாது. சயானும் மெஜந்தாவும் சம அளவில் இருந்தால் நீலம் கத்தரிப்பூ நிறமாகத் திரும்பும். மெஜந்தாவைச் சயானைவிட 30 சதவீதமாவது குறைத்து வையுங்கள். தேனின் பொன்னிறம் அவ்வளவு முரண்டு பிடிக்காது. மஞ்சள் 100 சதவீதம், மெஜந்தா 45 சதவீதம் அளவில் தொடங்கிப் பார்க்கலாம், சயான் சேர்ந்தால் சேறாகும்.

இங்க்ஸ்கேப்பின் பிடிஎஃப் ஆர்ஜிபியில், அதாவது திரையின் மூன்று நிறக் கணக்கில் போகும். அதிலுள்ள கறுப்பு எழுத்து பிரஸ்ஸில் நாலு மைக் கறுப்பாக மாறினால், அச்சுத் தகடு இம்மி நகர்ந்தாலும் பொடி எழுத்தைச் சுற்றி நிற நிழல் தெரியும். "எழுத்தெல்லாம் கே 100 மட்டும் ஆக்கிடுங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள் (கே என்றால் கறுப்பு மை). நீங்களே செய்ய நினைத்தால் ஸ்க்ரைபஸ் சிஎம்ஒய்கேவில் பிடிஎஃப் தரும், அதுவும் இலவசம். ஆயிரம் லேபிள் ஓடும் முன் ஒரு பிரதி அடித்து வாங்கி, குப்பியில் ஒட்டி, வெயிலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள்.

விண்ணப்பப் படம்

லேபிளுக்கு வெளியே பலருக்கும் தேவைப்படுவது விண்ணப்பத்துக்கான படம். வங்கித் தேர்வுக்கு அதை நடத்தும் ஐபிபிஎஸ் கேட்பது 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் ஜேபெக். கையெழுத்து 140 × 60, 10 முதல் 20 கேபி. மற்றத் தேர்வுகளின் அளவை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பிக்சலைக் குறைத்துவிட்டுப் பிறகு தரத்தைத் தொடுங்கள். பெரிய படத்தின் தரத்தை மட்டும் 10க்கு இறக்கி 50 கேபிக்குள் அடைத்தால் முகம் கட்டம் கட்டமாகும். கிம்ப்பின் எக்ஸ்போர்ட் பெட்டியில் ப்ரிவ்யூவை இயக்கினால் கோப்பின் அளவு அங்கேயே தெரியும். 20 கேபிக்குக் கீழே போனாலும் படம் ஏறாது. அப்போது தரத்தை 95 வரை கூட்டுங்கள்.